மாத்திரை விரதம்

நான் வேலை பார்ப்பது நெதர்லாந்தில், ஒரு நடுத்தர ஊரின் ஆஸ்பத்திரிக் கிருமி ஆய்வகத்தில். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களின் ஜீன்களைப் பிரித்துப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று துப்புத் துலக்குவதுதான் பிழைப்பு. என் புகுந்த வீட்டில் இதைக் ‘கிருமி டாக்டர்’ என்று சுருக்கிவிட்டார்கள். நான் டாக்டரே இல்லை என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் காதில் வாங்குகிறார்கள்?

அதனால்தான், தூத்துக்குடிப் பக்கம் ஏரலில் இருக்கும் என் மாமனார் சுடலை முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு, புண் ஆறாமல் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மறுபடியும் படுத்தபோது, பெற்ற மகனை விட்டுவிட்டு மருமகளை அனுப்பச் சொன்னார்கள். என் கணவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. “நீதான் கிருமி டாக்டர்” என்று சொல்லிவிட்டு என் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

லீவு கேட்கப் போனேன். என் மேலதிகாரி ஹென்க் இரண்டு விஷயம் சொன்னார். ஒரு காலத்தில் தங்கள் டச்சு ஆட்கள் தூத்துக்குடியைப் பிடித்து வைத்திருந்தார்களாம், அங்கே முத்து நன்றாக இருக்குமாம், தன் மனைவிக்கு ஒன்று வேண்டும் என்றார். அடுத்தது, “எந்தக் காரணம் கொண்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்காராதே.” விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வருகிறவரை அந்த ஊரில் நேராகத் தனியறையில் போடுவார்கள். மூக்கிலும், மூக்குக்கு நேர் எதிரான இடத்திலும் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்து, கிருமி இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்ற மனிதர்களோடு சேர்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கும் அதே மரியாதைதான்.

தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்கி ஒரு வாடகைக் காரில் ஏறினேன். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே காரின் முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது. டிரைவர் இறங்கித் தண்ணீர் ஊற்றினார், தும்மினார், அப்படியே எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போனார். உப்பு லாரிகள் கிளப்பிய புழுதியில் நிற்க முடியாமல் நானும் பின்னால் போனேன். “சளி பிடிச்சிருக்கு அண்ணாச்சி, பவரா ரெண்டு மாத்திரை குடுங்க” என்றார் டிரைவர். கடைக்காரர் கொடுத்தது, எங்கள் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில்கூட மூத்த டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுக்கிற ரக ஆன்டிபயாடிக்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சளிக்கு இது வேலையே செய்யாது, இரண்டு மாத்திரையோடு நிறுத்தினால் கிருமிக்குப் பயிற்சி கொடுத்த மாதிரி ஆகும் என்று அங்கேயே பாடம் எடுத்தேன். கடைக்கார அண்ணாச்சி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, எனக்கும் தொண்டை கட்டியிருக்கிற மாதிரி தெரிகிறதே, இரண்டு தரட்டுமா என்று அக்கறையாக விசாரித்தார்.

நெதர்லாந்து மட்டும் ஒழுங்கா என்று கேட்காதீர்கள். அங்கே டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் போனில் ஒரு பெண்ணைச் சமாதானப்படுத்த வேண்டும். அவள் பாராசிட்டமால் சாப்பிட்டுப் பார் என்பாள். தலைவலிக்கும் அதுதான், கால் ஒடிந்தாலும் ஏறக்குறைய அதுதான். அங்கே மருந்தைக் கண்ணில் காட்ட மாட்டார்கள், இங்கே கைநீட்டினால் போதும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தேசம் இருந்தால் குடிபோகத் தயாராக இருக்கிறேன்.

ஆஸ்பத்திரி அறையில் மாமா காலை நீட்டிப் படுத்திருந்தார். சுற்றிலும் ஏரலே உட்கார்ந்திருந்தது. நாற்காலி இல்லை. “ஏளா, எம்புட்டுத் தூரத்துலேருந்து வந்திருக்க, நிக்காத” என்று அத்தை என் தோளை அழுத்திக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டார். ஹென்க் கண்முன் வந்து போனார்.

மாமாவுக்கு வாழைத்தோட்டம்தான் உயிர். மொபெட்டில் போய், வரப்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாராகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும். அந்த ஆசைக்குத்தான் ஆபரேஷனே செய்துகொண்டார். இப்போது புது மூட்டைச் சுற்றிச் சிவந்து, ஓரத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. எலும்பு டாக்டர் இளவயதுக்காரர். என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய் விவரம் சொன்னார். எந்தக் கிருமி என்று தெரிந்தால் அதற்கென்ற மருந்தைக் கொடுத்து மூட்டைக் காப்பாற்றலாம். தெரியாமலே இழுத்துக்கொண்டு போனால் மூட்டைக் கழற்றிவிட்டு, காலை மடங்காதபடி நீட்டிப் பூட்டிவிட வேண்டியதுதான். அதற்குப் பிறகு மொபெட்டும் இல்லை, வரப்பும் இல்லை.

ஆனால் அறைக்குள்ளோ திருவிழா. புண்ணிலிருந்து எடுத்து அனுப்பிய சோதனையில் ‘கிருமி வளரவில்லை’ என்று அன்றுதான் முடிவு வந்திருந்தது. கிருமியே இல்லை என்று அத்தை நர்சுகளுக்கெல்லாம் மக்ரூன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. முந்திரியும் முட்டையும் நாக்கில் கரைகிற அந்த மக்ரூனுக்காகவே தூத்துக்குடிக்கு வரலாம், ஆனால் அன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். புண் இப்படிக் கசியும்போது கிருமி இல்லாமல் எப்படி இருக்கும்?

பதில் மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் வந்தது. மாமாவின் பால்ய சிநேகிதர் மொய்தீன் காக்கா, காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். மாமாவின் கையைப் பிடித்து நலம் விசாரித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அதில் பாதி ஏற்கெனவே காலி. “துபாய் சரக்கு. என் மருமவனுக்கு இதுலதான் கேட்டுச்சு” என்றார். மாமா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மீதியை அத்தை வாங்கி, தலையணைக்குப் பின்னால் இருந்த ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டார். பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

அவர் போனதும் பாட்டிலைக் கட்டிலில் கவிழ்த்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம், பாதி பாதி நிறத்தில் கேப்சூல்கள். பெயர் தெரிந்தவை எல்லாமே ஆன்டிபயாடிக். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். எது யார் வீட்டுச் சரக்கு என்று அத்தைக்கு மனப்பாடம். கல்யாண மொய் மாதிரிதான். நாளைக்கு அவர்கள் வீட்டில் யாராவது படுத்தால் இங்கேயிருந்து திரும்பப் போக வேண்டும். இதையெல்லாம் ஏன் முழுங்குகிறீர்கள் மாமா என்று கேட்டேன்.

“கொண்டாந்த மனுசன் முன்னால ஒண்ணாவது போடலைன்னா, அவன் மனசு வெசனப்படாதா எம்மா?”

இப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. உள்ளே கிருமி இருக்கிறது. தினமும் வகைக்கு ஒன்றாகப் போகிற மாத்திரைகள் அதைக் கொல்லவில்லை, அரைமயக்கத்தில் வைத்திருக்கின்றன. அதனால் ஆய்வகத் தட்டில் வளராமல் ஏமாற்றுகிறது, மூட்டுக்குள் மட்டும் வசதியாகக் குடியிருக்கிறது. நோஞ்சான்கள் செத்துப்போக, எதையும் தாங்குகிறவை மட்டும் மிஞ்சிப் பெருகும்.

அதிலும் ஆஸ்பத்திரிக் கிருமிகள் தனி ரகம். மருந்தை முறிக்கும் வித்தை அவற்றுக்கு ஜீனில் எழுதியிருக்கும். அந்த ஜீன் சின்ன வளையமாக, கழற்றிக் கொடுக்கத் தோதாக இருக்கும். பிளாஸ்மிட் என்போம். ஒரு கிருமி பக்கத்துக் கிருமியோடு ஒட்டி நின்று அதில் ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிடும். தன் இனமா, வேற்று இனமா என்று பார்க்காது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்காது. அந்த அறையில் ஏரல் மனிதர்கள் மாத்திரையைப் பரிமாறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் கட்டில் கம்பியிலும் கைகழுவும் தொட்டியிலும் அவை ஜீனைப் பரிமாறிக்கொண்டிருந்தன. உபசாரத்தில் இரண்டு தரப்பும் சளைத்ததல்ல என்றுதான் சொல்ல வேண்டும்.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் அதைப் பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்து உட்கார்ந்தார். முடிவில் ஒன்று சொன்னார்: தான் எழுதியது உட்பட எல்லா ஆன்டிபயாடிக்கையும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, கிருமி மயக்கம் தெளிந்த பிறகு மூட்டைத் திறந்து ஆழத்திலிருந்து சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். நடுவில் காய்ச்சல் வந்தால் உடனே திறந்துவிடலாம். “ஆனா மேடம், ஒரு மாத்திரைகூட உள்ள போகக்கூடாது. அத நீங்கதான் பாத்துக்கணும்.”

நான் கோயமுத்தூர்க்காரி. மரியாதையாகச் சொன்னால் மனிதர்கள் கேட்பார்கள் என்று நம்பி வளர்ந்தவள். வந்தவர்களிடமெல்லாம் “ஏனுங்க, மாத்திரை வேண்டாமுங்க” என்று கும்பிட்டுச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் டீ வாங்கப் போய்த் திரும்புவதற்குள் தலையணைக்குக் கீழே புது அட்டை இருக்கும். மருமகள் கெடுபிடிக்காரி, மாமனாருக்கு மருந்துகூடக் கொடுக்க விடமாட்டேன் என்கிறாள் என்று ஏரல் கடைத்தெருவில் பேச்சாகிவிட்டதாக அத்தை காதுக்கு வந்தது.

சரி, பெரிய சப்ளையரையே நேரில் பார்த்துவிடலாம் என்று காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ் வழியில் ஆறுமுகநேரியில் பழுதாகி நின்றுவிட்டது. இறங்கி ஆட்டோ பிடித்தேன். காயல்பட்டினத்துச் சந்தில் எதிரே இரண்டு ஸ்கூட்டர் வர, ஆட்டோ முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் சிக்கிக்கொண்டது. ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள், யாரும் வண்டியை நகர்த்தவில்லை. நடந்தே போய்ச் சேர்ந்தேன்.

காக்கா வீட்டில் பேச வாய் திறக்கவே விடவில்லை. நெய்ச்சோறும் களறிக் கறி என்கிற விருந்துக் கறியும் கத்தரிக்காய் மாங்காயும் வந்தன. இலையிலிருந்து கை எடுத்ததும் தம்மடை என்கிற இனிப்பு வந்தது. அதன் பிறகு யாரிடம் கண்டிப்பாகப் பேச முடியும்? இருந்தும் சொன்னேன். காக்கா கவனமாகக் கேட்டு, மனம் வருந்தி, இனிமேல் சுடலைக்கு மாத்திரை தர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். வாசலில் வந்து ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். வழிச்செலவுக்குத் தம்மடையும், என் தொண்டைக்கு ஒரு அட்டையும் அதில் இருந்தன.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நான் அழுதேவிட்டேன். படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு ஊறுகாய்ப் பாட்டிலிடம் தோற்றுப்போனதே என்று ஆத்திரம். அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

“ஏளா, ரெண்டு வாரம் அவிய வாயில மாத்திரை போகக்கூடாது, அம்புட்டுத்தான? விரதம்னு சொல்லிட்டா எவனாவது நீட்டுவானா?”

நாங்கள் இதற்கு ஆன்டிபயாடிக் ஹாலிடே என்று பெயர் வைத்து மாநாடு போட்டுப் பேசுகிறோம். நான் உடனே சரி, அப்படியே சொல்லிவிடலாம் என்றேன். கட்டிலிலிருந்து மாமாதான் ஆட்சேபித்தார்.

“பொய் விரதமெல்லாம் நமக்கு ஆவாது. இருந்தா நெசமாத்தான் இருப்பேன்.”

நிசமாகவே இருந்தார். திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டு, கழுத்தில் மாலை, இடுப்பில் பச்சை வேட்டி. ஆன்டிபயாடிக் கிடையாது. பிரஷர் மாத்திரையை மட்டும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். கவிச்சி கிடையாது என்று அவர் அறிவித்ததும் எங்களுக்கும் மீன் நின்றுபோனது. கடற்கரை ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் தயிர்சாதம் தின்றேன்.

பலன் அன்றைக்கே தெரிந்தது. அட்டையோடு வந்தவர்கள் மாலையைப் பார்த்ததும் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். யாருக்கும் மன வருத்தம் இல்லை. எத்தனை போஸ்டர் அடித்து, எத்தனை கருத்தரங்கு நடத்தி, எத்தனை அமைச்சர்கள் குத்துவிளக்கு ஏற்றியும் உலகத்தில் நடக்காத காரியம் அந்த அறையில் நடந்தது. காக்கா பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். பக்கத்து அறைக்காரர், எங்களுக்குத் தெரியாதவர், தானும் மாலை போடலாமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரம் பாதியில் காய்ச்சல் வந்தது. மாமாவின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்விதான் இருந்தது: நீ சொன்னதால்தானே நிறுத்தினோம்? நான் டாக்டரைக் கூப்பிடத் தாழ்வாரத்துக்கு ஓடினேன். டாக்டர் காத்திருக்கவில்லை. அன்றே மூட்டைத் திறந்து, சதை எடுத்து, உள்ளே கழுவி, நடுவிலிருந்த பிளாஸ்டிக் துண்டை மாற்றினார். உலோகம் உறுதியாக இருக்கிறது, வைத்துப் பார்ப்போம் என்றார்.

இந்த முறை தட்டில் கிருமி வளர்ந்தது. கிளெப்சியெல்லா, ஆஸ்பத்திரியில் குடியிருக்கும் ரகம். அதனிடம் இருந்த ஜீனின் பெயரைப் பார்த்ததும் பழைய பகையாளியைத் தெருவில் கண்ட மாதிரி இருந்தது. புது டெல்லியின் பெயரைச் சூட்டி உலகம் முழுக்க அழைக்கிற ஜீன் அது. பெரிய பெரிய மருந்துகளையெல்லாம் வெட்டிப் போட்டுவிடும். மாமாவுக்கு விளக்கினேன். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பிடித்து, ஏரல் முழங்காலில் வளர்ந்ததற்கும் டெல்லி பெயர்தானா, இதில்கூட நமக்குப் பங்கு இல்லையா என்று வருத்தப்பட்டார்.

நல்ல வேளை, இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தால் கட்டுப்படும் என்று சோதனை சொன்னது. சொட்டு மருந்தாக ஏற்ற வேண்டும், உடனே ஆரம்பிக்க வேண்டும். நர்ஸ் பாட்டிலோடு வந்தார். மாமா கையை மடக்கிக்கொண்டார். இரண்டு வாரம் என்று முருகனுக்குச் சொன்னது இன்னும் முடியவில்லையாம். திருச்செந்தூரில் மாலையைக் கழற்றாமல் மருந்து எடுக்க மாட்டாராம். டாக்டர் கெஞ்சினார். அத்தை அழுதார். இந்த யோசனையே உங்களுடையதுதானே என்று நான் அத்தையைக் கோபித்துக்கொண்டேன். மாமாவின் கை மடங்கியே இருந்தது. காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. காக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்கூட்டரில் பறந்து வந்தார். மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்து, விவரம் கேட்டு, டாக்டரிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: இந்தச் சொட்டில் சத்து ஏதாவது கலந்திருக்கிறதா? இல்லை, வெறும் உப்புத் தண்ணீரும் மருந்தும்தான் என்றார் டாக்டர். காக்கா மாமாவின் பக்கம் திரும்பினார்.

“சுடலை, நோன்புலயே சத்து ஏத்தாத ஊசி போட்டா நோன்பு முறியாதுன்னு எங்க பள்ளிவாசல் ஆலிம்சா சொல்லியிருக்காரு. வாய் வழியாப் போனாத்தான் கணக்கு. ஒன் முருகன் எங்க ஆலிம்சாவை விடவா கண்டிப்பானவரு?”

மாமா கையை நீட்டினார். அவர் மனம் மாறுவதற்குள் நர்ஸ் ஊசியைக் குத்திவிட்டார்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. புண் காய ஆரம்பித்தது. நான் கிளம்புகிற அன்று மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலை மடக்கிக் காட்டினார். முழுதாக மடங்கவில்லை, மொபெட்டுக்குப் போதும் என்றார். சொட்டு மருந்து இன்னும் பல வாரம் ஏற வேண்டியிருந்தது. அத்தை என் தலையைத் தடவி மக்ரூன் பெட்டியைக் கையில் கொடுத்தார். ஊறுகாய்ப் பாட்டிலை நான் மருந்தாளரிடம் ஒப்படைத்து அழிக்கச் சொன்னேன். மொய் திருப்ப இனி என்ன செய்ய என்று அத்தை கவலைப்பட்டார்.

முத்துக் கடையில் விசாரித்தேன். இப்போது இந்தக் கடலில் யாரும் முத்துக் குளிப்பதில்லை, இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். ஹென்க் சொன்ன இரண்டு காரியத்தில் ஒன்றைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை. முத்து வாங்கவில்லை, கட்டிலில் உட்கார்ந்தேன்.

திரும்பிய மறுநாள் பஞ்சுக்குச்சி மரியாதை நடந்தது. என் மாதிரியை என் சக ஊழியர்களே சோதித்தார்கள். என் குடலில் அதே டெல்லி ஜீன் இருந்தது. எனக்கு நோய் ஒன்றுமில்லை, சும்மா சுமக்கிறேன், மருந்தும் தேவையில்லை, தானாகவே போகும் என்று நான் மற்றவர்களுக்குச் சொல்கிற வாசகங்களை ஹென்க் எனக்குச் சொன்னார். போகிறவரை ஆஸ்பத்திரிப் பக்கம் வர வேண்டாம், வீட்டிலிருந்து வேலை பார் என்றார். ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஏரலாக இருந்திருந்தால் இந்நேரம் வீடு நிறைந்திருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. தினமும் சன்னல் வழியாகச் சைக்கிள்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சில மாதம் போனது. என் கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஊரில் சொல்லிவிட்டார். மாமா போன் செய்தார். பின்னால் மொபெட் சத்தம் அடங்கியது, வாழை இலை காற்றில் சரசரத்தது. குரல் கட்டியிருந்தது, நடுநடுவே இருமல்.

“எம்மா, ஒனக்குள்ளயும் அந்த டெல்லிக்காரன் இருக்கானாமே. நீ பயப்படாத. அவன் போற வரைக்கும், டாக்டர் சீட்டுல எழுதாத மாத்திரை ஒண்ணுகூட நான் தொடமாட்டேன். செந்தூர் முருகனுக்குச் சொல்லி மாலையும் போட்டாச்சு.”

சளி பிடித்திருக்கிறது, மொய்தீன் துபாய் அட்டையோடு வந்தான், மாலையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டேன், அவனும் உனக்காகத் தன் வீட்டு அலமாரியைக் காலி பண்ணிவிட்டான் என்றும் சொன்னார். ஏரலில் அவர் விரதம் இருந்தால் நெதர்லாந்தில் என் குடலில் இருக்கிற கிருமி போகாது. அதை அவருக்கு விளக்க வாயெடுத்து, பேசாமல் மூடிக்கொண்டேன். நன்றி மாமா என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் மறுசோதனை முடிவு வந்தது. கிருமி போய்விட்டது, ஆய்வகத்துக்குத் திரும்பிவிட்டேன். விரதம் இருக்கும் மாமாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.